நாற்காலிக்கு முன் ஒரு கேள்வி

ஸ்ரீமுஷ்ணத்தில் நாம் தொழும் பள்ளிவாசலின் ஓரத்தில் நாற்காலிகள் ஆண்டுக்காண்டு கூடி வருகின்றன. நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அதில் எவருக்கும் மறுப்பில்லை. ஆயினும் போன ரமலானில் தராவீஹ் முழுவதும் நின்றவர் இன்று ஏன் நாற்காலியை நாடுகிறார் என்று நாம் கேட்பதில்லை. "வயசாச்சு, முட்டி வலி" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

தேய்ந்திருப்பது மூட்டு மட்டுமாக இராது. தொடைத் தசையாகவும் இருக்கலாம். முதுமையில் தசையின் அளவும் வலுவும் குறைவதற்கு 1989இல் இர்வின் ரோசன்பர்க் என்னும் அறிஞர் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். பலத்திற்குப் பின் மீண்டும் பலவீனம் வரும் என்பதை அர்ரூம் அத்தியாயத்தின் 54ஆம் வசனம் முன்பே நமக்கு உணர்த்தியிருக்கிறது. எனினும் அதன் வேகத்தைத் தணிக்க உணவும் உடலுழைப்பும் உதவுகின்றன.

அறிகுறியைக் காணத் தொழுகையே போதும். ஸஜ்தாவிலிருந்து இயல்பாக எழுந்தவர் முதலில் ஒரு கையைத் தரையில் ஊன்றுவார். பிறகு இரு கைகளையும். பிறகு தூணருகே இடம் தேடுவார். விருத்தாசலம் பேருந்தில் ஏறும்போது கம்பியைப் பற்றி உடலை மேலே இழுப்பார். பாட்டில் மூடியைத் திறக்கப் பேரனிடம் நீட்டுவார். உடல் எடை குறையாதிருப்பதால் வீட்டார் ஐயுறுவதில்லை. தசை போன இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடுவதும் உண்டு.

ஜப்பானில் ஓர் எளிய வழி சொல்கிறார்கள். இரு கைகளின் பெருவிரல்களையும் சுட்டுவிரல்களையும் சேர்த்து வளையமாக்கி, கெண்டைக்காலின் பருத்த பகுதியைச் சுற்றிப் பார்ப்பது. இடைவெளி விட்டுக் கால் உள்ளே அடங்கினால் மருத்துவரைக் காண வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்தமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் அவ்வாறே என்கிறது ஆசிய மருத்துவ வல்லுநர் குழுவின் 2019ஆம் ஆண்டு வரையறை.

ஆண்களின் தளர்ச்சியையாவது ஸஃபில் அருகே நிற்பவர் காண்பார். உள்ளறையில் தனியே தொழும் நன்னிமாரை யார் காண்கிறார்? கறித்துண்டுகள் பிள்ளைகளுக்கும் மருமகனுக்கும் போன பின், "பல்லு இல்லைம்மா, ஆணமும் சோறும் போதும்" என்று அவர்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். இரவுக்கு டீயும் ரஸ்க்கும். முதியோருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பதோ ஏறத்தாழ 6 கிராம். கொத்துக்கறி, முள் நீக்கிய மீன், குழைந்த பருப்பு, தயிர் ஆகியவற்றுக்குப் பல் தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாற்காலியை எவரிடமிருந்தும் பறிக்க வேண்டியதில்லை. சுவரோரமாக அதை நகராதபடி வைத்து, காலையிலும் அஸருக்குப் பின்னும் இயன்ற அளவு மெல்ல எழுந்தமரச் சொல்லலாம். தொடக்கத்தில் பேரப்பிள்ளைகளில் ஒருவர் அருகில் நின்றுகொள்ளட்டும்.