ஏரிக்கரையில் எட்டு நாள்

முதுகில் பையை மாட்டிக்கொண்டு, கையில் குறைந்த காசோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு வயிற்றுப்போக்கு ஒரு பழகிய எதிரி. தண்ணீர் மாறும், சாப்பாடு மாறும், தூக்கம் கெடும். நேபாளத்துக்குப் போன ஈரோடு மாவட்டத்து விவசாயி மகனையும் அது விடவில்லை.

27 வயது அவருக்கு. 15 நாள் பயணம். காட்மாண்டுவிலிருந்து பொக்காரா, அங்கே ஒரே ஓர் இரவு. பிறகு 4,130 மீட்டர் உயரத்திலுள்ள அன்னபூர்ணா மலையடிவார முகாமுக்கு நடை. இரண்டு வருடமாகச் சேர்த்த பணம் அது. ஆனால், பொக்காரா போகும் 200 கிலோமீட்டர் பேருந்துப் பயணத்திலேயே வயிறு கலங்கிவிட்டது. பேவா ஏரிக்கரை விடுதியில் இறங்கியபோது நிற்க முடியவில்லை. மறுநாள் காய்ச்சல். வீட்டுக்குப் போன் செய்து, “நல்லா இருக்கேன்மா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

விடுதி நடத்திய அம்மாவை எல்லோரும் ‘தீதி’ என்பார்கள். அக்கா என்று பொருள். அவர் மருந்துக்கடையிலிருந்து ‘ஜீவன் ஜல்’ பொட்டலம் வாங்கி வந்தார். நம் ஊர் ஓ.ஆர்.எஸ். உப்புக்கரைசலுக்கு அங்கே அதுதான் பெயர். அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்த ‘ஜாவுலோ’ என்ற கஞ்சியையும் கொடுத்தார். அங்கே நோயாளிக்கு முதல் சாப்பாடு அதுதான்.

சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கரைசலின் அருமையை 1971-ல் உலகம் கண்டது. வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவிகிதமாக இருந்த இறப்பு 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது.

காய்ச்சல் இருந்ததால் மருத்துவரிடமும் போனார் இளைஞர். பரிசோதித்து மாத்திரை கொடுத்த மருத்துவர், “ஒரு வாரம் மலை ஏறாதீர்கள்” என்றார். உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் தலைவலி, வாந்தி, சோர்வுதான் வரும். ஏற்கெனவே சோர்ந்த உடம்பில் எது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. அது உயிருக்கே ஆபத்து.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் ஆசை திரும்ப வந்தது. அப்போதுதான் வீட்டில் உண்மையைச் சொன்னார். அப்பா திட்டவில்லை. “மாட்டுக்கு நோவுன்னா ஏர்ல பூட்டுவமா சாமி? உனக்கு மட்டும் என்ன?” என்று கேட்டார். மலைப் பயணம் அத்தோடு நின்றது.

அதன் பிறகுதான் ஊர் கண்ணில் பட்டது. ஐப்பசி மாதம் அது. ஏரியின் மேற்கு முனையில், பாமே பக்கத்து வயல்களில் நெல் அறுவடை. சரிவுகளில் ராகி முற்றிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் மக்காச்சோளம் நிற்கும்போதே, அதன் இடையில் ராகி நாற்றை நட்டுவிடுவார்களாம். மக்காச்சோளம் அறுத்த பிறகு ராகி தனியாக வளர்ந்து விளையும். இதைப் போனில் சொன்னதும் அப்பாவுக்கு உற்சாகம். “நெழல்ல நாத்து எப்படிப் புடிக்குது? எத்தனை நாள் நாத்து? கேட்டுச் சொல்லு” என்றார். தினமும் ஒரு கேள்வி வந்தது. அதற்காகவே அவர் வயல் பக்கம் மெதுவாக நடந்தார்.

ஆறாம் நாள் தீதி ராகிமாவில் ‘டிண்டோ’ கிளறிப் போட்டார். ஒரு வாய் வைத்ததும் சிரித்துவிட்டார் இளைஞர்; அது நம் களியேதான்! அந்த நாள்களில்தான் திகார் பண்டிகையும் வந்தது. காகத்துக்கு ஒரு நாள், நாய்க்கு ஒரு நாள், பிறகு பசுவுக்கு, அடுத்து எருதுக்கு என்று வரிசையாக மரியாதை. நெற்றியில் திலகமும் கழுத்தில் செண்டுமல்லி மாலையுமாகத் தெருநாய்கள் திரிந்தன. நமக்கு மாட்டுப்பொங்கல் என்றால் அவர்களுக்கு இது.

எட்டாம் நாள் மேகம் விலகி, 6,993 மீட்டர் உயர மச்சபுச்சரே சிகரம் ஏரித் தண்ணீரில் தெரிந்தது. கரையில் உட்கார்ந்தே பார்த்தார். மறுநாள் ஊருக்குப் பேருந்து ஏறினார்.

பிள்ளைகளை வெளியூர் அனுப்பும் குடும்பங்கள் பையில் நாலு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்து அனுப்புங்கள். அது கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். மலத்தில் ரத்தம், காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தாமாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள்: உடம்பு முடியாவிட்டால் முதல் நாளே வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும்.