அம்மாவின் உப்புக் கணக்கு



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு உணவு பதனிடும் முறைகளைக் கற்பிக்கும்போதெல்லாம் ஓர் ஊறுகாய்ச் சாடி என் நினைவுக்கு வரும். உலர்த்துதல், உப்பிடுதல், குளிரூட்டுதல் என்று மாணவர்கள் வரிசையாக ஒப்புவிப்பார்கள். அவற்றுள் உப்பிடுதலை மட்டும் நான் ஏட்டில் கற்கவில்லை. ஒரு சாடி ஊறுகாயைக் கெடுத்துத்தான் கற்றேன்.

அம்மா தோட்டப்புறத்தில் வளர்ந்தவர். எலுமிச்சை மலிவாகக் கிடைத்தால் ஊறுகாய் போட்டுவிடுவார். பழங்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நான்காகக் கீறி, கல் உப்பும் மஞ்சள் தூளும் அடைத்துப் பீங்கான் சாடியில் இடுவார். வெள்ளைத் துணியால் வேடு கட்டி, நாள்தோறும் குலுக்கி வெயிலில் வைப்பார். அளவு எல்லாம் கைப்பிடிதான். ஒருமுறை நான் நிறுத்துப் பார்த்தேன். ஒரு கிலோ பழத்திற்கு ஏறத்தாழ 200 கிராம் உப்பு.

பின்னாளில் அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு வந்தது. உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் கூறினார். அவ்வாண்டு ஊறுகாய் போடும் பொறுப்பை நானே ஏற்றேன். அன்பு மிகுதியால் 50 கிராம் உப்பே இட்டேன். அக்தோபர் மாதம், மாலைதோறும் மழை. பத்தே நாளில் வெண்பூஞ்சணம் படர்ந்துவிட்டது. மேலாக வழித்தெறிந்தாலும் அதன் இழைகள் உள்ளே இறங்கியிருக்கும். சாடி முழுவதையும் கொட்டினேன்.

அம்மா கடிந்துகொள்ளவில்லை. "உப்பு ஆகாதுன்னா ஊறுகாயைக் கொஞ்சமா தொட்டுக்கணும், சாமி. சாடியில கொறைச்சா எப்படி?" என்றார்.

அறிவியல் சொல்வதும் அதுதான். உப்பு பழத்தின் நீரை வெளியே இழுக்கிறது; நுண்ணுயிர்களின் நீரையும் இழுத்து அவற்றைப் பெருகவிடாமல் தடுக்கிறது. ஈரக்காற்று மிகுந்த நம் நாட்டில் வெயிலை மட்டும் நம்பியிருக்க இயலாது. உப்பும் பழத்தின் புளிப்புமே காவல். அம்மா எழுத்தறியாதவர், ஆயினும் அவர் கை அதனை அறிந்திருந்தது.

அதன்பின் அம்மா தம் அளவிலேயே ஊறுகாய் போட்டார். கஞ்சிக்கு நகக்கண் அளவே தொட்டுக்கொண்டார். இன்று அவர் இல்லை. நான் நிறுத்துக் குறித்துவைத்த அந்த 200 கிராம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் இல்லத்திலும் கைப்பிடியால் அளக்கும் தாயோ பாட்டியோ இருந்தால், அந்தக் கைப்பிடியை இன்றே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.