விழப்போகிறவர் முடிவு செய்யட்டும்

1910 ஜூலை 21. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பிரெனே மலைத்தொடரின் டூர்மலே கணவாயை முதன்முதலாக ஏறிய நாள். உயரம் 2,115 மீட்டர். பாதை என்ற பெயரில் இருந்ததெல்லாம் கல்லும் மண்ணும்தான். அன்று ஒரே நாளில் ஓட்ட வேண்டிய தூரம் 326 கிலோமீட்டர். ஓடும்போதே கியர் மாற்றும் பொறியை அந்தப் பந்தயம் 1937-ல்தான் அனுமதித்தது. ஆகவே செங்குத்தான இடம் வந்தால் வீரருக்கு இரண்டே வழி: எழுந்து நின்று மிதிக்கலாம், அல்லது இறங்கித் தள்ளலாம். குஸ்தாவ் கரிகூ என்பவர் ஒருமுறைகூடக் கால் ஊன்றாமல் டூர்மலேயின் உச்சியை எட்டினார். அதற்காகவே அவருக்கு 100 பிராங்க் வெகுமதி கொடுத்தார்கள். ஒக்தாவ் லபீஸ் இறங்கினார், தள்ளினார், மறுபடி ஏறி மிதித்தார். அன்றைய ஓட்டத்தில் ஜெயித்தவர் லபீஸ். அந்த ஆண்டின் டூர் பட்டமும் அவருக்குத்தான்.

இதைச் சொன்னவுடன், "அப்படியென்றால் இறங்குவதுதான் கெட்டிக்காரத்தனமா?" என்று இளையவர்கள் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. கரிகூ செய்தது சாமானியக் காரியமல்ல. ஒருவர் மலையோடு மோதிப் பார்த்தார். இன்னொருவர் அன்றைய முடிவிடமான பயோன் நகரம்வரை போய்ச் சேரவேண்டிய தூரத்தை மனதில் வைத்திருந்தார். அவரவர் கணக்கு அவரவருக்குச் சரி. எனக்கு உறுத்துவது வேறு. நம்மில் பலர் தம் கணக்கைத் தாமே போடுவதில்லை. பக்கத்தில் நிற்கிறவர் போட்டுக் கொடுக்கிறார். இதை மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் பார்ப்பதுபோல் வேறெங்கும் இவ்வளவு பளிச்சென்று பார்க்க முடியாது.

மவுண்டன் பைக் என்று இன்று லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்களே, அதன் பிறப்பே விழுவதிலும் தள்ளுவதிலும்தான். கலிபோர்னியாவின் மாரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைச்சரிவில் இறக்கி விளையாடினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று அதைப் பந்தயமாக்கினார்கள். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். அடிவாரம் வருவதற்குள் சூட்டில் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சக்கரத்தின் குடத்தைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்றே பெயர் வந்தது. அந்த முதல் பந்தயத்தில் வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். காரணம் சுவாரசியமானது: அன்று விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர்தானாம். அதே ஆண்டு கொலராடோவில் இன்னொரு கூட்டம் கிரெஸ்டட் பியூட் என்ற ஊரிலிருந்து ஆஸ்பென் நகரத்துக்கு, ஏறக்குறைய 3,870 மீட்டர் உயரத்திலுள்ள பேர்ல் கணவாய் வழியாகச் சைக்கிள்களைக் கொண்டுபோனது. ஓட்டிப்போனது என்று எழுதக் கை வரவில்லை. அந்தக் காலத்துக் கனத்த சைக்கிளை அந்த உயரத்தில் முழுக்க மிதித்தே ஏற்ற யாரால் முடியும்?

பிரிட்டனில் கதை இன்னும் பழையது. 'வேஃபேரர்' என்ற புனைபெயரில் எழுதிவந்த ராபின்சன் 1919-ல் வேல்ஸின் பெர்வின் மலையைப் பனியினூடே சைக்கிளோடு கடந்தார். அந்த அனுபவத்தை அவர் எழுதியதைப் படித்துப் பலர் மலையேறினார்கள். 1955-ல் 'ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்' என்ற சங்கமே தொடங்கப்பட்டது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடை கடப்பதும் பாறை ஏறுவதும் அவர்களுக்குப் பயணத்தின் பாதி. யார்க்‌ஷயரில் 1961 முதல் நடக்கும் 'த்ரீ பீக்ஸ்' பந்தயத்தில் இன்றுகூட மூன்று மலைகளில் ஏற வேண்டும். எவ்வளவு பெரிய வீரரானாலும் சில சரிவுகளில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நடப்பார். அங்கே நடக்கிறவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. எல்லோரும் நடக்கிறார்களே!

ஆக, நடப்பது இந்த விளையாட்டில் புதிதும் இல்லை, இழிவும் இல்லை. பிறகு வெட்கம் எங்கிருந்து வந்தது?

டிரயல்ஸ் என்றொரு போட்டி உண்டு. பாறை, மரக்கட்டை, பள்ளம் என்று அமைத்த பகுதிகளைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். கால் தரையில் படுந்தோறும் ஒரு தண்டனைப் புள்ளி என்பது அதில் நெடுநாள் விதியாக இருந்தது. அந்தக் கணக்கு மெல்ல மெல்லச் சாதாரணப் பாதைகளுக்கும் ஏறிவந்துவிட்டது. கடினமான ஓர் இடத்தைக் கால்படாமல் கடந்தவர் 'கிளீன் பண்ணிட்டேன்' என்று சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு இருக்கும். அது நியாயமான பெருமை. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து மோதுகிறவரையும் நான் மதிக்கிறேன். தண்டனைப் புள்ளி போட நடுவரே இல்லாத பாதையிலும் தனக்குத் தானே புள்ளி போட்டுக்கொள்பவர் அவர், சிணுங்குவதில்லை.

வேடிக்கை வேறொருவரிடம் இருக்கிறது. ஆளில்லாத பாதையில் இவர் நிம்மதியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார், வழியில் பூவைக்கூட ரசிப்பார். வளைவில் யாரோ வரும் சத்தம் கேட்கட்டும், உடனே குனிந்து செயினைப் பார்ப்பார். டயரை அழுத்திப் பார்ப்பார். ஒன்றும் கிடைக்காவிட்டால் தண்ணீர் பாட்டிலைத் திறப்பார். வந்தவர் கடந்துபோனதும் செயின் சரியாகிவிடும்! நடந்தது அவரை வருத்தவில்லை. நடந்ததை இன்னொருவர் பார்த்ததுதான் வருத்தியது.

இதுவரைக்கும் நஷ்டம் ஒன்றுமில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். நாலு பேர் கூடிப் போகும்போதுதான் விஷயம் முற்றுகிறது. முன்னால் இறங்கியவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். "ஒண்ணும் ஆகாது, வா!" என்று ஒருவர் கூவுகிறார். நல்லெண்ணத்தோடுதான் கூவுகிறார். ஆனால் அந்தக் கூவலுக்கு அவர் கொடுக்கும் விலை என்ன? ஒன்றுமில்லை. காரை எலும்பு மேலே நிற்பவருடையது. சைக்கிளிலிருந்து முன்பக்கமாகத் தூக்கி எறியப்படுகிறவர்களுக்கு அடிக்கடி உடைவது அந்த எலும்புதான்.

சரிவின் இயல்பு ஒன்று உண்டு. ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். செங்குத்தான இறக்கத்தில் பாதியில் மனம் மாறினால் பயனில்லை. முன் பிரேக்கை இறுக்கினால் உடல் கைப்பிடிக்கு மேலே பறக்கும்; பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். தயங்கி வேகத்தைக் குறைத்தால் சக்கரம் பள்ளத்தை உருண்டு தாண்டாமல் அதற்குள்ளேயே மாட்டும். ஆகவே ஓட்டுவதா நடப்பதா என்பதை மேலே, தரை சமமாக இருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். அரைமனதோடு இறங்குகிறவர்தான் அதிகம் விழுகிறார். முழுமனதோடு ஓட்டுகிறவருக்கும் முழுமனதோடு நடக்கிறவருக்கும் ஆபத்து குறைவு. பார்வையாளர் தருகிற துணிச்சல் எப்போதுமே அரைமனத் துணிச்சல்தான். முதல் கல் தட்டியதுமே அது போய்விடும்.

மிகத் தேர்ந்தவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். டவுன்ஹில் உலகக் கோப்பைப் பந்தயங்களில் ஓட்டம் தொடங்கும் முன் வீரர்கள் பாதை முழுவதையும் கால்நடையாக நடந்து பார்ப்பார்கள். எந்த வேர் வழுக்கும், எந்தக் கல்லுக்கு இடப்பக்கம் போக வேண்டும் என்று நின்று, குனிந்து, பேசி முடிவு செய்வார்கள். உலகிலேயே வேகமாக இறங்குகிறவர்கள் முதலில் நடக்கிறவர்கள்.

பார்த்த பாதையும் மாறிவிடும் என்பதற்கு ஒரு பெரிய வீரரே சாட்சி. டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில், 2021 ஜூலை 26 அன்று, நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல் ஒரு பாறை இறக்கத்தில் விழுந்தார். பயிற்சியின்போது அங்கே ஒரு சாய்வுப் பலகை இருந்தது. பந்தயத்தன்று அதை எடுத்துவிட்டிருந்தார்கள். அது இருக்கும் என்று நினைத்தே வந்ததாக அவர் சொன்னார். பந்தயத்தை முடிக்க முடியாமல் பிறகு விலகினார். திறமையில் குறையா? சைக்ளோகிராஸ் என்ற விளையாட்டில் அதற்குள் நான்கு முறை உலகப் பட்டம் வென்றவர் அவர். தேவையான இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது அந்த விளையாட்டின் அங்கமே. அப்பேர்ப்பட்டவருக்கே நேற்றுப் பார்த்த சரிவு இன்று வேறாக இருந்தது. நேற்று ஓட்டிய இடம் என்பதற்காக இன்று மழையிலும் ஓட்டியே தீரவேண்டும் என்று நமக்கு மட்டும் என்ன கட்டாயம்?

நடப்பதைப் புகழ்ந்துகொண்டே போனால் பாதி உண்மைதான் சொன்னவன் ஆவேன். நடப்பதும் ஒரு சோம்பலாக மாறலாம். ஓர் இடத்தில் வருடக்கணக்காக இறங்கி நடப்பவர் ஒருவர். ஏன் என்று கேட்டால், "எனக்கு இது வராது" என்பார். இன்னொருவர், "இன்னிக்கு ஈரமா இருக்கு", "இன்னிக்குக் கை நடுங்குது" என்பார். 'இன்னிக்கு' என்ற ஒரு சொல்தான் இருவருக்கும் வித்தியாசம். முதலாமவர் நடக்கும்போது தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு போகிறார். இரண்டாமவர் பாறையைப் பார்த்துக்கொண்டு போகிறார், எங்கே சக்கரத்தை விட்டால் தப்பலாம் என்று. இவர் ஒருநாள் ஓட்டிவிடுவார். ஓட்டாமலே போனாலும் அந்தப் பாறையைத் தெரிந்துகொண்டிருப்பார். பயம் எச்சரிக்கை சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அது தீர்ப்பு எழுத ஆரம்பித்தால் விடக்கூடாது.

நடப்பதற்கும் ஒழுங்கு உண்டு. பின்னால் ஓட்டிவருகிறவருக்கு வழிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். அதற்காகச் சேற்றுக்குப் பயந்து புல்லில் புதுத் தடம் போட்டுவிடவும் கூடாது. பத்துப் பேர் சுற்றிப் போனால் ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டித் தடமாக அகன்று, மழையில் மண் அரித்துப் போகும். இயலாமையை ஒத்துக்கொள்வது நல்ல குணம். அதன் செலவை அடுத்தவர் தலையில் கட்டாமல் இருப்பது அதைவிட நல்ல குணம்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். என் வயதுக்காரர்கள் பலர் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடிப்பதில்லை. "யாராவது பார்த்தா கிழவன்னு நினைப்பாங்க." கண்ணில் புரை வளர்ந்தபின்னும் இரவில் கார் ஓட்டுவதை விடுவதில்லை, விட்டால் மரியாதை போய்விடுமாம். இளையவர்கள் மட்டும் என்ன? கையில் இல்லாத பணத்துக்குக் கடன் வாங்கிக் கல்யாண மண்டபம் பிடிக்கிறார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற கேள்விக்கு வட்டி கட்டுகிறார்கள். பிடிக்காத படிப்பை, ஒவ்வாத வேலையை, இறங்கினால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள் என்று இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாம் அந்தச் சரிவின் உச்சி. கீழே நாலு பேர் அண்ணாந்து நிற்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். நான் விழுந்தால் என்னோடு சேர்ந்து விழப்போகிறவர்கள் யார்? மலைப்பாதையில் தனியாக ஓட்டுகிற இளைஞன் விழுந்தால் பெரும்பாலும் அவன் மட்டும் விழுவான், முடிவும் அவனுடையது. அதே பாதையில் இரண்டு குழந்தைகளின் தாய் இறங்கி நடந்தால், அவள் அந்த இரண்டு பேரையும் கணக்கில் சேர்த்திருக்கிறாள். அவளைப் பயந்தாங்கொள்ளி என்பவருக்குக் கணக்குத் தெரியாது. அந்தத் தாய் நன்றாகப் பழகி, தன்னால் முடியும் என்று தெரிந்து ஓட்டினால், "உனக்கு எதுக்கு இது?" என்று தடுப்பவரும் வேண்டாத வேலையே பார்க்கிறார். இரவில் கார் ஓட்டும் தாத்தாவின் கதை வேறு. எதிரே வருகிறவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் அவரோடு சேர்ந்து விழுவார்கள். எனவே அவர் ஒருவரே முடிவெடுக்க முடியாது. கல்யாணக் கடனும் அப்படித்தான். அதை அடைக்கப்போகிற பிள்ளைகள் பேச வேண்டும், பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் பேசக்கூடாது.

சேர்ந்து விழப்போகிறவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை. மற்றவர்கள் கைதட்டலாம், உச்சுக்கொட்டலாம்; அதோடு சரி.

வயதானபின் இது எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மோட்டார் வைத்த மலைச் சைக்கிள்கள் இப்போது நிறைய வருகின்றன. இருபது கிலோவுக்கு மேல் கனப்பவை ஏராளம். பல வண்டிகளில், இறங்கித் தள்ளும்போது உதவ ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் வண்டி மணிக்கு 6 கிலோமீட்டர் வரை நம்மோடு தானே நடந்து வரும். ஐரோப்பிய விதிகளிலேயே இதற்கு இடம் உண்டு. வண்டியை வடிவமைத்த பொறியாளரே, இதை வாங்குகிறவர் சில இடங்களில் நடப்பார் என்று எதிர்பார்த்து அதற்கு வசதியும் செய்து கொடுத்துவிட்டார். வாங்கியவர்தான் இன்னும் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆகவே பிள்ளைகளுக்கு என் யோசனை இது. கடினமான இடம் வந்தால் மேலேயே நில்லுங்கள். ஒருமுறை நடந்து பாருங்கள். உங்களோடு விழப்போகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே நிற்பவர்களை மறந்துவிடுங்கள். பிறகு ஓட்டுங்கள் அல்லது நடங்கள், எதுவானாலும் முழுமனதோடு செய்யுங்கள். கீழே நிற்கும் முறை உங்களுக்கு வரும்போது, மேலே தயங்கி நிற்பவரைப் பார்த்துக் கூவாதீர்கள். அவர் கேட்டால் மட்டும் பாறை எப்படி இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள்.