ஆழம் கேட்கும் கணக்கு

பாலை மரத்தையும் நீரூற்றையும் பெயரிலே தாங்கி நிற்கும் பாலையூற்று, திருக்கோணமலைத் துறைமுகத்தின் அயலில் அமைந்த ஊர். இங்கு வாழ்வோர்க்குக் கப்பல் புதுமையன்று. எனினும் நீர்மேல் மிதக்கும் கலத்தைவிட நீருக்குள் மறையும் கலமே என் சிந்தையை அதிகம் ஈர்த்துள்ளது. இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் பிரித்தானிய நீர்மூழ்கிகள் இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு மலாக்கா நீரிணைவரை சென்று மீண்டன, மீளாதனவும் உண்டு. அவை அரசின் உடைமைகள். இன்றோ தனிமனிதர் தம் பொருளைக் கொண்டு நீர்மூழ்கி அமைத்து ஆழ்கடலுக்குச் செல்கின்றனர். அத்தகைய கலத்தின் உடற்கூட்டைப் பலப்படுத்துதல் என்றால் என்ன? இவ்வினா பொறியியலிலே தொடங்கினும் பொறியியலோடு முடிவதன்று என்பதே என் கருத்து.

கடலில் ஏறத்தாழ ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. டைட்டானிக் கப்பல் கிடக்கும் 3,800 மீற்றர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் பரப்பின்மீதும் ஏறக்குறைய 390 கிலோகிராம் நிறைக்குரிய சுமை அழுத்தும். பெருவிரல் நகத்தளவு இடத்தில் பல மனிதர் ஏறி நிற்பதற்கு இஃது ஒப்பாகும்.

இச்சுமையைத் தாங்குவதற்கு உலோகத்தின் வலிமை ஒன்றே போதும் என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் மெல்லிய சுவருடைய உருளையொன்று நசுங்கி உடைவதற்கு முன்னரே நெளிந்து மடிந்துவிடக் கூடும். உள்ளிருக்கும் காற்றை இழந்த மண்ணெண்ணெய்த் தகரம் ஒரு நொடியில் உட்குழிந்து போவதை அறிவியற் கூடத்தில் கண்டிருக்கின்றோமன்றோ? உட்சட்டமற்ற நீண்ட உருளையின் சுவர்த்தடிப்பை இருமடங்காக்கினால், அது நெளிவை எதிர்க்கும் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது கணக்கு. ஆயினும் அத்தனை உருக்கைச் சுமந்த கலம் மிதந்து மேலெழ வேண்டுமே! ஆதலால் உள்ளே இடைவெளிவிட்டு வளையச் சட்டங்களைப் பொருத்துகின்றனர். வள்ளத்தின் பலகைகளுக்கு உள்ளே விலாவெலும்புபோல நிற்கும் வங்குக்கால்களை அறிந்தோர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

பழைய கூடொன்றைப் பலப்படுத்தப் புகுவோர் இங்கேதான் விழிப்பாயிருத்தல் வேண்டும். புதிய சட்டங்களை ஒட்டும்போது எழும் வெப்பம் உருக்கை இழுத்து வளைக்கும். குளிர்ந்த பின்னரும் உள்ளே தகைப்பை விட்டுச்செல்லும். வட்டமாக இருந்த கூடு சிறிதளவு கோணினாலும் அதன் தாங்குதிறன் குறைந்துவிடும். சாளரத்துக்கும் கதவுக்குமாக வெட்டிய ஒவ்வொரு துவாரமும் அதன் விளிம்பிலே ஈடுசெய்யப்படாவிடின் பலவீனமாகவே நிற்கும். பலப்படுத்த எண்ணிச் செய்த வேலையே கூட்டைப் பலவீனப்படுத்தக் கூடும் என்பது வியப்பன்று. சில வேளைகளில், ‘இதற்குமேல் ஆழம் செல்வதில்லை’ என எல்லை வகுத்து அதனை மீறாதிருத்தலே சிறந்த பலப்படுத்தலாகும்.

வலிமையான அமைப்பும் சுமை முறைதவறின் உடையும் என்பதற்கு எங்கள் துறைமுகமே சான்று தரும். 1944 ஓகஸ்ட் 8ஆம் நாள், ‘வலியன்ற்’ என்னும் போர்க்கப்பலை ஏந்தியிருந்த மாபெரும் மிதக்கும் திருத்துதுறை இங்கே உடைந்து மூழ்கியது. அதன் நீர்த்தொட்டிகள் வெறுமையாக்கப்பட்ட முறை பிழைத்தமையால், தாங்கமுடியாத சுமை ஓரிடத்தே குவிந்தது. தப்பிய போர்க்கப்பலின் சுக்கானும் உந்திகளும் சேதமுற்றன.

2023 யூன் 18ஆம் நாள் வட அத்திலாந்திக்கில் அழிந்த ‘டைட்டன்’ கலத்தின் கதை இதனினும் துயரமானது. தனியார் நிறுவனமொன்றின் உடைமையான அதன் நடுவுடல், காபன் நார்களைப் படைபடையாகச் சுற்றி அமைக்கப்பட்டது. நாரின் பெருமை இழுவிசையைத் தாங்குவதிலே உள்ளது. கயிறு இழுக்க உதவும், தள்ள உதவாது என்பதை மீனவச் சிறுவனும் அறிவான். நாரைப் பிணைக்கும் பசையின் துணையால் அது அமுக்கத்தை ஓரளவு தாங்குமாயினும், படைகள் ஒன்றிலிருந்து ஒன்று கழறத் தொடங்கின் ஒவ்வொரு முழுகலும் அக்கேட்டை வளர்க்கும். 2018இல் அந்நிறுவனத்தின் கடற்செயற்பாட்டுப் பணிப்பாளரே குறைகளை எழுதிக் காட்டினார், பதவியிழந்தார். 2022இல் ஒரு முழுகலின் முடிவில் பெருஞ்சத்தம் கேட்டது. அதன் பின்னரும் கலம் ஆழத்துக்கு அனுப்பப்பட்டது. அக்கலம் எந்த வகைப்படுத்தற் சங்கத்தின் சான்றையும் பெற்றிருக்கவில்லை. மாண்ட ஐவருள் ஒருவன் 19 வயதுப் பல்கலைக்கழக மாணவன். கூட்டின் கணக்கைச் சரிபார்க்கும் வாய்ப்பு அவனுக்கு எங்கே இருந்தது?

தனியார் முயற்சி என்பதனாலேயே இவ்வழிவு நேர்ந்ததென்று கூறுதல் நீதியன்று. விக்ரர் வெஸ்கோவோ என்பாரின் தனியுடைமையாயிருந்த ‘லிமிற்றிங் ஃபக்ரர்’, 90 மில்லிமீற்றர் தடிப்புள்ள தைத்தேனிய உலோகக் கோளத்தை உடையது. 2019இல் அது உலகின் மிக ஆழமான கடற்பள்ளத்தை அடைந்து மீண்டது. அதன் உரிமையாளர் வெளிப் பரிசோதகரின் கண்ணுக்கு அஞ்சவில்லை. அவர்களின் சான்றையும் பெற்றார். பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீற்றர் ஆழத்துக்கென உருவாக்கும் ‘மத்சயா 6000’ கலத்துக்கும் 80 மில்லிமீற்றர் தடிப்புள்ள தைத்தேனியக் கோளமே விதிக்கப்பட்டுள்ளது. அதன் ஒட்டுவேலை முறையை வகுப்பதற்கே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் பன்முறை ஒத்திகை பார்த்தனர்.

உடைமை தனியாருடையதாயினும் ஆழம் எவருக்கும் தனியுடைமையன்று. அரசின் கலத்துக்கு ஒரு விதியும் செல்வரின் கலத்துக்கு வேறொரு விதியும் கடல் வகுப்பதில்லை. தன் கூட்டைத் தானே சோதித்துத் தானே மெச்சிக்கொள்பவன், எத்துணை தடித்த உருக்கைச் சுற்றினும் பலவீனனே. குறை காண வல்ல பிறனொருவனைத் தன் கணக்கின்முன் அமரச் செய்து, அவன் ‘போகாதே’ என்றால் நிற்கத் துணிபவனே கூட்டைப் பலப்படுத்தியவன் ஆவான். கல்விக்கூடங்களில் கணக்குப் பயிலும் நாம், விடை காணப் பழகுவதோடு, நம் விடையைப் பிறர் திருத்த இடங்கொடுக்கவும் பழகவேண்டும். அப்பழக்கத்தை நம்பியே அறியாத பயணி ஒருவன் கதவை மூடிக்கொண்டு உள்ளே அமர்கின்றான்.