வண்டிக்கு அடியில்

என் மாருதி 800 கடலோர ஊரில் ஓடிய வண்டி. 2014லேயே தயாரிப்பு நின்றுபோனாலும் எனக்கு இதை விட மனசில்லை. இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது, உடம்புத் தகரமே பாரம் தாங்குகிறது. அடித்தகடு அரித்தால் வண்டியின் பலமே போச்சு.

கதவுக்குக் கீழே தண்ணீர் வடிய விட்ட சின்னத் துளைகளைச் சேறு அடைத்திருந்தது. கம்பியால் குத்தியதும் செம்மண் நிறத்தில் நீர் சொட்டியது. துருவின் மேலேயே கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்து விற்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உள்ளே ஈரம் சிக்கித் தகரம் மறைவாக அரிக்கும். சுரண்டி, ஓட்டையில் புதுத் தகரம் வெல்டிங் வைத்து, பிரைமர் பூசி, அப்புறம்தான் கோட்டிங்.

லோயர் ஆர்ம் புஷ் ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. புதுசு போட்ட மெக்கானிக் அண்ணன் போல்ட்டை லேசாக முடுக்கி நிறுத்தினார். வண்டியை இறக்கி, சக்கரத்தில் எடை உட்கார்ந்த பிறகே முழுசாக இறுக்கினார். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். இந்தப் பொறுமை உள்ளவரைத் தேடிப் போங்கள்.

ஷாக் அப்சார்பரை ஒரு பக்கம் மட்டும் மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள், ஜோடியாகத்தான் மாற்றணும். நாளைக்கு வீல் அலைன்மென்ட்.