லெம்ரோவின் எதிர்நீரில்

வங்காள விரிகுடாவின் கிழக்குக் கரையில், பர்மாவின் ராக்கைன் மாநிலத்தில், மியெபோன் என்றொரு சின்ன ஊர். லெம்ரோ ஆறு கடலைத் தொடுவது அதன் பக்கத்தில்தான். எது ஆறு, எது கழி என்று அங்கே படகோட்டிகளுக்குத்தான் தெரியும். அலையாத்திக் காடு, ஓதம் ஏறினால் முங்கி, வடிந்தால் தலைகாட்டும் சேறு. 2010 அக்டோபரில் கிரி புயல் இந்தக் கரையைப் புரட்டிப் போட்டது. 2012 கலவரத்துக்குப் பிறகு மியெபோனின் முஸ்லிம்கள் முகாமுக்குள் அடைக்கப்பட்டார்கள். பயணக் கையேடுகள் இந்த முகத்துவாரத்தைக் கண்டுகொள்வதில்லை. அவற்றில் லெம்ரோ நடுவில் தொடங்கி நடுவிலேயே முடிகிற ஆறு. மிராக் ஊ அருகே படகேறி, முகத்தில் பச்சை குத்திய சின் இனக் கிழவிகளைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.

மின்பியாவைத் தாண்டியதும் ஆற்றுக்குக் கரை என்று ஒன்று உண்டாகிறது. மழைக்காலம் முடிந்து நீர் வடிந்ததும் வண்டல் திட்டுகளில் மிளகாயும் நிலக்கடலையும் அவரையும் போடுகிறார்கள். இந்த வண்டலை நம்பி ராஜ்ஜியங்களே நடந்திருக்கின்றன. பியின்சா, பரெயின், க்ரிட், லாங்கியெட் என்று பழைய ராக்கைன் தலைநகரங்கள் நான்கு இந்தப் பள்ளத்தாக்கில்தான் அடுத்தடுத்து இருந்தன. இன்று மண்மேடுகளும் செங்கல்லும்தான் மிச்சம். 1430இல் தலைநகர் சற்றே மேற்கே மிராக் ஊவுக்கு நகர்ந்தது. 1784இல் பர்மிய அரசர் போதோபயாவின் படை வந்து அந்த அரசை முடித்துவைத்தது. ராக்கைன்காரர்களின் உயிரான மகாமுனி புத்தர் சிலையை மலை கடத்தித் தூக்கிக்கொண்டும் போனது. அதை இங்கே யாரும் இன்னும் மன்னிக்கவில்லை. மீன்குழம்பும் மிளகாயும் மூக்கில் ஏறும் மோந்தி நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்தால், பக்கத்து மேசைக்காரர் நேற்று நடந்தது போலச் சொல்வார்.

இந்த ராஜாக்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வேலை இருக்கிறது.

அமைதியாக இருந்த வருடங்களில் படகுப் பயணம் சுகமானது. நீண்டு ஒடுங்கிய மரப்படகு, காதைத் துளைக்கும் டீசல் இன்ஜின், எதிரே மூங்கில் தெப்பங்கள். மேலே காட்டில் வெட்டிய மூங்கிலையே தெப்பமாகக் கட்டி, அதன்மேல் குடும்பமே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கீழே சந்தைக்கு வரும். இரண்டு மூன்று மணி நேரத்தில் மலைகள் இரு பக்கமும் நெருங்குகின்றன. பகோடாக்கள் அருகி, மூங்கில் பரண் வீடுகள் வருகின்றன. நிர்வாகக் கணக்கில் இன்னும் ராக்கைன்தான்; ஆனால் குடியிருப்பவர்கள் லேத்துச் சின் மக்கள்.

இன்ஜின் சத்தம் கேட்டதுமே ஊர் தயாராகிவிடும். நாங்கள் கரையேறியபோது மூன்று கிழவிகள் வீட்டு நிழலில் வரிசையாக உட்கார்ந்து, தொங்கும் காதுத் துளைகளில் கனத்த உலோகக் குழல்களைச் செருகிக்கொண்டிருந்தார்கள். மூக்கையும் வாயையும் நடுவாக வைத்துக் கன்னமெங்கும் விரியும் கோடுகள், அவற்றை வளைத்து வளைத்து இணைக்கும் கோடுகள்: சிலந்தி வலை. லேத்துப் பெண்களின் அடையாளம் அது. வயதான தோலில் கோடுகள் மங்கி, சுருக்கம் எது, பச்சை எது என்று பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன.

பச்சை குத்தும் வயது ஏழிலிருந்து பதினைந்துக்குள். கரி, இலைச்சாறு, மாட்டுப் பித்தம் சேர்த்து மை. பிரம்பு முள்ளோ எலுமிச்சை முள்ளோ ஊசி. குத்துவதும் பெண்கள், பிடித்துக்கொள்வதும் பெண்கள். இமை மேல் குத்தும்போதுதான் உயிர் போகும் என்று மூவருமே சொன்னார்கள். பிறகு முகம் வீங்கி, சில நாள் கஞ்சிதான்.

வழிகாட்டிப் பையன் மனப்பாடமாக வைத்திருந்த கதையை எடுத்துவிட்டான்: சின் பெண்கள் பேரழகிகள்; கீழ்நாட்டு ராஜாக்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்; அதனால் பெற்றவர்களே மகளின் முகத்தை விகாரமாக்கிவிட்டார்கள். மிராக் ஊவில் எந்த விடுதியில் கேட்டாலும் இதே கதைதான். கிழவிகளும் தலையாட்டுகிறார்கள், வந்தவர் கேட்க விரும்புவதைச் சொல்லி அனுப்புவது விருந்தோம்பலில் சேர்த்திதானே. ஆனால் நடுவில் இருந்தவரிடம், “பாட்டி, உங்களுக்கு ஏன் குத்தினார்கள்?” என்று தனியாகக் கேட்கச் சொன்னேன். “குத்தாத பெண்ணை எவன் கட்டுவான்?” என்றார். குரலில் கொஞ்சம் எரிச்சல்.

எனக்கு அந்த எரிச்சல்தான் நம்பும்படி இருந்தது. பெண்களைத் தூக்கிப்போன அரசர்கள் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் மிராக் ஊ அரசு விழுந்தது 1784இல். அதை விழுத்தாட்டிய பர்மிய அரசிடமிருந்து 1826இல் ஆங்கிலேயர் ராக்கைனைப் பிடுங்கிக்கொண்டார்கள். ராஜா போன பிறகும் நூறு வருடங்களுக்கு மேல் ராஜாவுக்குப் பயந்து யாரும் மகளின் இமையில் முள் ஏற்ற மாட்டார்கள். விகாரமாக்குவதுதான் நோக்கம் என்றால் கரியை அள்ளி அப்பினால் போதும். வலையின் ஒவ்வொரு இழையையும் இரு கன்னத்திலும் ஒத்துப்போகும்படி அளந்து குத்த வேண்டியதில்லை. 1795இல் பர்மாவின் ஆவா அரசவைக்குத் தூது வந்த மைக்கேல் சைம்ஸ், தான் சந்தித்த ஒரு சின் பெண்ணின் முகக் கோடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பழக்கத்தை இரண்டு நூற்றாண்டுகளாக வெளியிலிருந்து வந்தவர்கள்தான் விளக்கிக்கொண்டிருக்கிறோம். ராஜா கதையில் அழகு என்பது ஒன்றும் குத்தாத முகம். அதைச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இருக்கிற முகம். பாட்டியின் பதிலில் அழகு நேரெதிர்ப் பக்கம் இருக்கிறது.

1960களில் அரசாங்கம் பச்சை குத்துவதைத் தடைசெய்தது. பின்தங்கிய வழக்கம் என்பது காரணம். அதற்கு முன்பே வடக்கே வேறொரு காற்று வீசத் தொடங்கியிருந்தது. 1899இல் ஹாக்காவுக்கு வந்த அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார் ஆர்தர் கார்சனுக்குப் பிறகு, சின் மலைகள் மெல்ல மெல்லக் கிறிஸ்தவ மலைகளாயின. தடை எட்டாத ஊர்களில் பிறகும் குத்தினார்கள் என்றாலும், இன்று இந்த முகம் உள்ளவர்கள் அநேகமாக எல்லோரும் பாட்டிகள். நாடு சுற்றுலாவுக்குத் திறந்ததும் அதே முகங்கள் விளம்பரப் படங்களில் ஏறின. எந்த முகம் நாட்டுக்கு அவமானம் என்றார்களோ அதைப் பார்க்க டாலர் கொடுத்தவர்கள் வந்தார்கள். ஊருக்கு அதில் நஷ்டமில்லை. இடுப்புத் தறியில் நெய்த துண்டுகள் விற்றன, பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை சேர்ந்தது. கேமராக்கள் பைக்குள் போனதும் ஒரு பாட்டி காதுக் குழல்களைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு காதைத் தேய்த்துவிட்டார். கனம்தான், வேறென்ன.

படகுகள் அங்கே திரும்பிவிடும். ஆறு திரும்புவதில்லை. மேலே பாறையும் வேகநீரும். காட்டை எரித்துப் பயிரிடும் சரிவுகள், தினையும் நெல்லும் கலந்த புனங்கள். அங்கே முகங்களும் மாறுகின்றன. யிண்டுப் பெண்களுக்கு இமை உட்பட நெடுக்குக் கோடுகள். உப்ரியூ மக்களில் முகம் முழுக்க நெருக்கமான புள்ளிகள், தூரத்துக்கு ஒரே சாம்பல் நிறம். முவுன் பெண்களுக்குக் கன்னத்தில் வளையங்கள். எந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவள் என்று பேசாமலே சொல்லிவிடும் முகங்கள். இதை ஆற்றின் வரைபடம் என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊற்றுப் பக்கம் போனால் அந்தக் கணக்கு உதைக்கிறது. தெற்குச் சின் மலைமுகட்டில் மேற்கே விழும் மழை லெம்ரோவுக்கு, கிழக்கே விழும் மழை ஐராவதிக்கு. முகட்டில் இருக்கிற மிண்டாட்டைச் சுற்றி முவுன் ஊர்கள் இரு பக்கமும் இருக்கின்றன. தண்ணீர் பிரிகிற இடத்தில் கோலம் பிரியவில்லை. பெண் கொடுத்து எடுத்த வழிகள் ஆற்றைக் கேட்டுப் போகவில்லை போலும்.

மிண்டாட்டுக்குக் கிழக்கிலிருந்து சாலை உண்டு. பகான் கோபுரங்களைப் பார்த்தவர்கள் பக்கொக்கு வழியாக ஜீப்பில் ஏறி வந்தார்கள். மூக்கால் ஊதும் புல்லாங்குழலும், 3,053 மீட்டர் உயர நட்மா மலையும், கூடவே இந்த முகங்களும் ஒரே தொகுப்பில். அந்தப் பக்கத்திலும் அதே ராஜா கதைதான். ராக்கைன் ராஜாவுக்குப் பதில் பர்மிய ராஜா, அவ்வளவுதான்.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், ஏப்ரலில் மிண்டாட் இளைஞர்கள் வேட்டைத் துப்பாக்கிகளோடு எதிர்த்து நின்றார்கள். 2024இல் மிராக் ஊவும் மின்பியாவும் ராக்கைன் கிளர்ச்சியாளர்களான அரக்கான் படையின் கைக்குப் போயின. படகும் இல்லை, ஜீப்பும் இல்லை. நெய்த துண்டுகளை வாங்க ஆளில்லாதது நிஜமான கஷ்டம். ராஜா கதையைக் கேட்கவும் ஆளில்லை. அதில் அந்தப் பாட்டிக்கு வருத்தம் இருக்காது.