ஜொகூர் லாமா: மண்மேட்டில் ஒரு ஞாயிறு

சனி, இரவு. கோத்தா திங்கி.

2005இல் பத்திரிகைகள் கோத்தா கெலாங்கி என்று ஒரு தொலைந்த நகரத்தைப் பற்றி எழுதின. இந்தப் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கிறதாம். ராஜேந்திர சோழனின் படை 1025இல் வந்த இடம் அதுதான் என்று நம்மவர்கள் குதித்தார்கள். நானும்தான் குதித்தேன். நகரம் இன்னும் கண்ணில் படவில்லை. கண்ணெதிரே கிடக்கும் ஜொகூர் லாமா கோட்டையை நாளைக்குத்தான் முதன்முறையாகப் பார்க்கப் போகிறேன். ஜொகூரிலேயே பிறந்தவன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஞாயிறு, காலை.

வழி நெடுகச் செம்பனை. மருமகன் இரண்டு தடவை வழி தவறினான். கடைசியில் நாலு கம்பத்து வீடுகள், சிறிய அருங்காட்சியகம், ஆறு.

ஆற்றைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. கிழக்குக் கரையில், தஞ்சோங் பத்து என்ற இடத்தில், நிலம் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. கடலிலிருந்து ஏறி வரும் எந்தக் கப்பலும் இதன் கண்ணுக்குத் தப்பாது. 1511இல் போர்த்துக்கீசியர்களிடம் மலாக்காவை இழந்த சுல்தானின் வாரிசுகள் 1540 வாக்கில் இங்கே தலைநகர் அமைத்ததற்கு வேறு காரணம் வேண்டாம். கோட்டைக்குப் பெயர் கோத்தா பத்து, அதாவது கல்கோட்டை. நான் பார்த்தது பெரும்பாலும் புல் மூடிய மண்மேடுதான்.

நண்பகல்.

மேட்டின் மேல் நடந்தேன். 1564இல் அச்சேக்காரர்கள் வந்து அடித்தார்கள். 1587இல் போர்த்துக்கீசியர்கள். ஜொகூர் மலாக்காவின் கடல் வழியை மறித்ததால் கோவாவிலிருந்து டோம் பாலோ டி லிமா பெரெய்ரா படையோடு வந்தான். ஆகஸ்டில் நகரம் எரிந்தது. சுல்தான் அலி ஜல்லா ஆற்றின் மேல்பக்கம் போய் பத்து சாவாரில் புதுத் தலைநகர் கண்டார். அப்புறம்தான் இது 'லாமா', பழைய ஜொகூர். எரிந்த ஊருக்கு மிச்சமாகக் கிடைத்தது அந்த அடைமொழி.

நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பாக்சிக்கிடம், மலாய்ப் பெரியவரிடம், பேச்சுக் கொடுத்தேன். கோட்டையைப் பற்றிக் கேட்டால் இறாலைப் பற்றிச் சொன்னார். நீர் ஏறும் நேரம், இறங்கும் நேரம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பெரெய்ராவும் அதைத்தான் யாரிடமாவது கேட்டிருப்பான்.

மாலை.

தெலுக் செங்காட்டில் மீன் சாப்பிட்டோம். அப்படியே சோழர் வந்த அந்த நகரத்தையும் தேடிப் போவோமா என்று மருமகன் கிண்டலாகக் கேட்டான். பில்லைக் கொடு என்றேன்.